யார் குரலுக்குக் குஞ்சுகள் வரும்

அன்புள்ள தங்கைகளே,

இப்படிப்பட்ட கட்டுரைகளை வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. ஆனாலும், தென்காசிப் பக்கம் நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்க்கும் இடங்களுக்கு மேற்பார்வையாளர்களாகப் போகப்போகிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் பயிற்சியாளர் கேட்டபோது நான் தயங்கவில்லை. திறந்தவெளியில் குஞ்சு வளர்க்கும் வேலையைப் பொறுத்தவரை நானும் ஓய்வு பெற்றவள்தான். இப்போது நாமக்கல் பக்கம் ஒரு பெரிய பண்ணையில் இருக்கிறேன். நாலு பக்கமும் அடைத்த கொட்டகை. காற்றைக்கூட மின்விசிறிதான் உள்ளே விடும். எலி நுழையாது, பாம்பு நுழையாது, காக்கையின் நிழல் விழாது. குஞ்சுகளுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடத்தை நான் பார்த்ததில்லை. இருந்தும் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போதெல்லாம் முதலில் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறேன். இங்கே அதற்கு எந்த அவசியமும் இல்லை. கழுத்து மட்டும் பழைய வேலையை விட்டு வரவில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அம்மா கீழப்பாவூரில் பீடி சுற்றினாள். அப்பா புளியறையில் லாரிக்காரர்கள் சாப்பிடும் கடையில் புரோட்டா மாஸ்டர். நான் கோழி வளர்ப்பில் பட்டயம் வாங்கினேன். "கோழி வளக்கதுக்கும் படிப்பாட்டி?" என்று தெருவே சிரித்தது. அடுத்த கோடையில் அதே தெருவில் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் வந்தபோது, சிரித்தவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

குஞ்சுக்கு எவ்வளவு சூடு வேண்டும், எந்த வாரம் எந்தத் தடுப்பூசி என்பதெல்லாம் உங்கள் பாடத்தில் இருக்கிறது. அதை நான் எழுதப்போவதில்லை. பாடத்தில் இல்லாத நிமிடங்கள் சில உண்டு. எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், அல்லது ஒருவருமே பார்க்கமாட்டார்கள். அந்த மாதிரி நிமிடங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் முதலில் வேலை பார்த்தது இலஞ்சியில், ஒரு தென்னந்தோப்பில். தோப்புக்காரரை எல்லாரையும் போல நானும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். பட்டாளத்தில் இருந்து வந்தவர். பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசினாலும் மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிறவனிடம் பேசுவது போலத்தான் பேசுவார். குஞ்சு பொரிப்பகத்திலிருந்து ஒருநாள் வயதுக் குஞ்சுகளை வாங்கி, ஒரு மாதம் போல வளர்த்து, சுற்று ஊர்ப் பெண்களுக்குக் கொடுப்பது அவர் தொடங்கிய தொழில். கொட்டகைக்குள் வளர்ந்த குஞ்சு வெளியே போனதும் சாரலுக்கும் காற்றுக்கும் சுருண்டு விழுகிறது என்பதால், குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் புரூடரைத் தோப்பின் ஓரத்தில் வெளியிலேயே போட்டிருந்தோம். தகரத்தை வளைத்து ஒரு பெரிய வளையம், உள்ளே உமி, நடுவில் தொங்கும் பல்பு, மேலே வலை, அதற்கும் மேலே நாலு கம்பில் தார்ப்பாய். அவ்வளவுதான். சுவரும் கிடையாது, கதவும் கிடையாது.

புரூடரைப் பார்த்துக்கொண்டவள் பேச்சி அக்கா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். அவளும் பீடிக்காரிதான். முதுகு கூன ஆரம்பித்ததும் பீடி சுற்றும் முறமான சொளவைத் தூக்கி எரவாணத்தில் செருகிவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். அண்ணாச்சி பக்கத்தில் இருந்தால் என்னை "மேடம்" என்பாள். அவர் தலை மறைந்ததும் "ஏட்டி".

முதல் வருடம் சாரல் பருவத்தில் நடந்ததை முதலில் சொல்கிறேன். வெளியூரிலிருந்து படித்து வருகிறவர்கள் இந்தத் தவற்றைச் செய்யமாட்டார்கள். சாரலுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த நம்மால்தான் முடியும்.

நாலைந்து நாளாக மலையே தெரியவில்லை. துணி காயவில்லை, விறகு காயவில்லை, புரூடரில் உமி நசநசவென்று இருந்தது. அப்படியொரு காலையில் திடீரென்று சுள்ளென்று வெயில் அடித்தது. சாரல் ஊர்க்காரர்களுக்கு வெயிலைக் கண்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். தெருவில் பாய் வருகிறது, தலையணை வருகிறது, கட்டிலோடு நோயாளி வருகிறார். தோப்பிலும் அப்படித்தான் ஆனது.

"ஏ பிள்ள, தார்ப்பாய எடு. வலையையும் எடு. குஞ்சுவ கொஞ்சம் வெயில் காயட்டும்" என்றார் அண்ணாச்சி.

"வல இருக்கட்டுமே அண்ணாச்சி" என்றேன் நான்.

"வலையில வெயிலு வடிகட்டியா வரும்? எடுட்டி" என்றாள் பேச்சி அக்கா. அவளும் வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். உண்மையில் எனக்கும் அந்த வெயிலில் கண் சொக்கியது. எடுத்தோம். குஞ்சுகள் உமியில் படுத்து ஒரு சிறகை விரித்துக்கொண்டு கிடந்தன. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. டீ கொண்டு வர ஆள் போய்த் திரும்பவில்லை, தென்னை ஓலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு வல்லூறு வந்தது. புறா அளவுதான் இருக்கும். வந்ததையும் பார்க்கவில்லை, போனதையும் பார்க்கவில்லை. குஞ்சோடு அது அடுத்த மரத்தில் உட்கார்ந்ததைத்தான் பார்த்தோம். நாங்கள் வலையை இழுத்து மூடுவதற்குள் இன்னொன்று. அதற்குள் காக்கைகளும் வந்துவிட்டன.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இதுதான். நாலு நாள் மழையில் நாம் வெயிலுக்கு ஏங்கியது போல, வல்லூறும் நாலு நாள் பட்டினியாக இலைக்குள் ஒடுங்கி இதே வெயிலுக்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தது. சாரல் வெறித்த உடனே வருகிற வெயில்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. தார்ப்பாயை எடுங்கள், வலையைத் தொடாதீர்கள். யார் சொன்னாலும் தொடாதீர்கள். உங்களுக்கே ஆசையாக இருந்தாலும் தொடாதீர்கள்.

அந்தத் தோப்பில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கறுப்புப் பெட்டைக்கோழி தன் குஞ்சுகளோடு திரிந்தது. சும்மா இருக்கும் நேரத்தில் நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வானத்தில் ஏதாவது தெரிந்தால் தொண்டைக்குள்ளேயே நீளமாக ஒரு சத்தம் கொடுக்கும். குஞ்சுகள் இருந்த இடத்திலேயே இலைக்கடியில் ஒட்டிக்கொள்ளும். தரையில் கீரி வந்தால் சத்தமே வேறு, ஊரைக் கூட்டுகிற மாதிரி. ஆபத்து போனதும் மெதுவாகக் கொக்கொக்கென்று கூப்பிடும், எல்லாம் வந்துவிடும். நம்முடைய குஞ்சுகளுக்கு அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. பெட்டியில் பிறந்து பெட்டியில் வந்தவை. முதல் நாள் சாயங்காலம் அவை கத்துவதைக் கேட்டிருக்கிறீர்களா? பசிக்காகக் கத்துவது அப்படி இருக்காது. பல்பின் சூடு போதும், தண்ணீர் இருக்கிறது, தீனி இருக்கிறது, ஆனாலும் கத்தும். யாரையோ தேடும். அந்தச் சத்தத்தை எந்த மருந்தாலும் நிறுத்த முடியாது.

பேச்சி அக்காவுக்குத் தீனி போடும்போது "பா... பா... பாபாபா" என்று கூப்பிடும் பழக்கம் இருந்தது. வீட்டுக் கோழிகளைக் கூப்பிடுகிற அதே கூப்பாடு. சில நாளில் தகரத்துக்கு வெளியே அவள் குரல் கேட்டாலே குஞ்சுகள் அந்தப் பக்கமாக ஓடி வருவதைக் கவனித்தேன். அன்றிலிருந்து, கூப்பிடாமல் குருணை போடக் கூடாது என்று விதி வைத்துவிட்டேன். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் என் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்வேன்.

"நீயும் கூப்பிடேம்ட்டி. ஒரு நாளு நான் இல்லன்னா?" என்றாள் அவள்.

"நீ இல்லாம எங்க போவ?" என்றேன். பட்டயம் வாங்கியவள் தோப்பில் நின்று பாபாபா என்று கத்துவதற்கு எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

மூன்றாவது வருடம், தோப்பின் அந்த ஓரத்தை லாரி நிறுத்துவதற்கு வாடகைக்குக் கேட்டு ஒருவர் அண்ணாச்சியிடம் வந்தார். கேரளாவுக்குப் போகிற லாரிகள். அண்ணாச்சிக்கு மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. புரூடரை மூடிவிடலாம் என்று ஒருநாள் சொன்னார். எனக்கு வேறு வேலை கிடைக்கும். பேச்சி அக்காவுக்கு எரவாணத்தில் இருக்கும் சொளவுதான்.

அவள் அன்றைக்கு அண்ணாச்சிக்கு எதிரே போய் நின்றாள். "ஒரே ஒரு பேட்ச் எம் பொறுப்புல விடுங்க அண்ணாச்சி. நீங்க எட்டிப் பாக்கவே வேண்டாம். நல்லபடியா வந்துதுன்னா எடத்த எங்கிட்ட விடுங்க, லாவத்துல ஒங்களுக்குப் பங்கு தந்து நானே நடத்துதேன். வரலன்னா லாரிய நிப்பாட்டுங்க."

"நீ நடத்துதியா?" அண்ணாச்சி சிரித்துவிட்டார். "கணக்கு வழக்கு?"

"அதுக்குத்தான் மேடம் இருக்காவள்ளா."

அண்ணாச்சி ஒப்புக்கொண்டார். அவர் போனதும் பேச்சி அக்கா என் கையைப் பிடித்தாள். "ஏட்டி, சொளவ மடியில வச்சா மறுபடி எந்திரிக்க மாட்டேன். உக்காந்தே போயிருவேன். பாத்துக்கோ" என்றாள்.

அந்த பேட்ச்சுக்கு நாங்கள் இரண்டு பேரும் காவல் இருந்த மாதிரி யாரும் எதற்கும் இருந்திருக்கமாட்டார்கள். வலையின் ஒவ்வொரு கண்ணையும் இழுத்துப் பார்த்தோம். கீரி தோண்டாமல் இருக்கத் தகரத்தைச் சுற்றிக் கல் புதைத்தோம். குற்றாலத்துக் குரங்குகள் சுற்றுலாக் கூட்டம் இல்லாத நாளில் தீனி தேடித் தோப்பு வரைக்கும் வரும். குஞ்சை ஒன்றும் செய்யாது, ஆனால் மக்காச்சோளத்துக்காக வலையைத் தூக்கிவிட்டுப் போய்விடும். திறந்தவன் ஒருத்தன், தின்கிறவன் வேறொருத்தன். அதனால் வலை முடிச்சுகளை எல்லாம் கம்பியால் இறுக்கினோம்.

ஆபத்து நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை.

அன்று தோப்பில் தேங்காய் வெட்டு. நல்ல பகல். மரம் ஏறுகிறவர்கள், தேங்காய் பொறுக்குகிறவர்கள், மட்டை உரிக்கிறவர்கள் என்று தோப்பு முழுக்க ஆட்கள். தேங்காய் ஏற்றும் லாரி வளைந்து வருவதற்காகப் புரூடருக்குப் பக்கத்தில் வருடக் கணக்காகக் கிடந்த மட்டைக் குவியலைக் கலைத்தார்கள். அதற்குள் எலிகளும், எலிகளைத் தின்றுகொண்டு ஒரு சாரைப் பாம்பும் குடியிருந்தது யாருக்கும் தெரியாது. கலைத்ததும் சாரை வெளியே பாய்ந்தது. சுற்றிலும் மனிதக் கால்கள். முந்தின வாரச் சாரலில் தகரத்துக்கு அடியில் ஓரிடத்தில் கல் சரிந்து மண் கரைந்திருந்தது. ஒளிய இடம் தேடிய பாம்பு அந்த வழியாக உள்ளே போய்விட்டது.

நானும் பேச்சி அக்காவும் தீனி அறையில் இருந்தோம். "பாம்பு, பாம்பு" என்று கூச்சல் கேட்டு ஓடினோம். வளையத்தைச் சுற்றி ஆட்கள். ஒருவர் கையில் அரிவாள், இன்னொருவர் கையில் மட்டை உரிக்கிற பாரை. ஒரு பக்கத்து வலையைக் கிழித்துவிட்டார்கள். அண்ணாச்சி எல்லார் சத்தத்துக்கும் மேலே கத்திக்கொண்டிருந்தார். "தலையில போடு. ஏலே, தலையில போடுல."

பேச்சி அக்கா ஒரு தென்னை மட்டையை எடுத்துக்கொண்டு அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. ஓங்கினாள். மட்டை பாம்பின் மேல் விழவில்லை, தகரத்தில் விழுந்தது. மேளம் போல அதிர்ந்தது.

அப்போது எல்லாருடைய கண்ணும் பாம்பின் மேல் இருந்தது. நானும் முதலில் அதைத்தான் பார்த்தேன். கை தடிமன் இருக்கும், வழி தெரியாமல் தகரத்தை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. பிறகுதான் எதிர்ப்பக்கம் பார்த்தேன். வளையத்தில் இருந்த அத்தனை குஞ்சுகளும் ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் குவிந்திருந்தன. மட்டை தகரத்தில் விழுந்தபோது குவியல் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. மேலே இருந்தவை கத்தின. அடியில் இருந்தவற்றின் சத்தம் கேட்கவில்லை.

பாம்பு விழுங்கினால் ஒன்றை விழுங்கும். குவியல் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கூச்சல் தொடர்ந்தால், பாம்பைக் கொன்ற பெருமை அவர்களுக்கு, லாரி நிறுத்த இடம் அண்ணாச்சிக்கு, சொளவு பேச்சி அக்காவுக்கு.

"சத்தம் போடாதிய" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "அண்ணாச்சி, சத்தம் வேண்டாம்" என்றேன். அவர் என்னைத் திரும்பியே பார்க்காமல், "தள்ளி நில்லு பிள்ள" என்று கையால் ஒதுக்கிவிட்டு மறுபடியும் கத்தினார்.

நான் அவருக்கு நேர் எதிரே போய் நின்றேன். "அண்ணாச்சி, வாய மூடுங்க" என்றேன். "எல்லாரும் வாய மூடுங்க. கையில உள்ளதக் கீழ போடுங்க."

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரியும். மரத்தின் மேல் இருந்தவர்கூட அப்படியே நின்றுவிட்டார். அண்ணாச்சியின் வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

பாம்பு இருந்த பக்கத்தில் இரண்டு தகரங்களை இணைத்திருந்த கொக்கியை எடுத்து ஓரடி திறந்துவிட்டேன். பிறகு எதிர்ப்பக்கம் ஓடி மண்டியிட்டு, குவியலில் இருந்து கைகொண்ட மட்டும் குஞ்சுகளை அள்ளி அப்பால் விட்டேன். விட்டவை திரும்ப ஓடி வந்து குவியலின் மேல் ஏறின. மறுபடியும் அள்ளினேன், மறுபடியும் ஏறின. கூப்பிட்டேன். "பா... பா... பாபாபா." வாழ்க்கையில் முதல்முறையாக, அத்தனை ஆண்கள் முன்னால் கூச்சம் பார்க்காமல் கூப்பிட்டேன். ஒரு குஞ்சுகூடத் திரும்பவில்லை. அவை என் கையால் தடுப்பூசி போட்டுக்கொண்டவை. என் முகம் தெரியும். குரல் தெரியாது.

"அக்கா, மட்டையப் போடு. கூப்பிடு."

அவள் பாம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத விட்டா மறுபடி வரும்ட்டி."

"வந்தா வரட்டும். இங்கன பாரு. கூப்பிடுக்கா."

அவள் குவியலைப் பார்த்தாள். மட்டையைக் கீழே போட்டாள். வாயைத் திறந்தாள். "தொண்ட வரமாட்டக்கு."

"வரும். நெதம் கூப்பிடுதமாதிரி கூப்பிடு. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் வளையத்தின் நடுவில் உட்கார்ந்து, கொட்டிக்கிடந்த குருணையைக் கையில் எடுத்தாள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு கரகரவென்று "பா..." என்றாள். பிறகு இன்னொன்று. மூன்றாவது முறை அது அவளுடைய குரலாக இருந்தது. குவியலின் உச்சியில் இருந்த ஒரு குஞ்சு கழுத்தைத் தூக்கிப் பார்த்தது. இறங்கியது. அதன் பின்னால் இரண்டு. பிறகு ஒரு பக்கம் முழுவதும் சரிந்து அவளை நோக்கி ஓடியது. நான் அடியில் கிடந்தவற்றை அள்ளி அள்ளி எடுத்தேன்.

அந்த நேரத்தில்தான் சாரை திறந்த வழியைக் கண்டுபிடித்து வெளியே போனது. ஆட்களின் கால்களுக்கு நடுவில்தான் போனது. அரிவாள் வைத்திருந்தவர் ஓங்கப் போனார். அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசாமல் கையை நீட்டி அவரைத் தடுத்தார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பிறகு நடந்ததையும் சேர்த்து நினைக்கும்போது இதை மறக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு.

அடியில் கிடந்தவற்றில் சில செத்துவிட்டன. சில அசையாமல் கிடந்தன, ஆனால் உயிர் இருந்தது. அவற்றைப் பேச்சி அக்கா தன் மடியில் வாரிப் போட்டு, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, வாயால் ஊதி ஊதி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கின. மற்றவை எல்லாம் அவளைச் சுற்றிக் குருணை பொறுக்கிக்கொண்டிருந்தன, ஒன்றுமே நடக்காத மாதிரி.

"பாம்ப விட்டுட்டாளே" என்று தேங்காய் வெட்டுகிறவர்களில் ஒருவர் சொன்னது கேட்டது. "அண்ணாச்சியவே வாய மூடச் சொல்லிட்டா. பாம்பு என்ன பாம்பு" என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அண்ணாச்சியும் கேட்டார்.

பேட்ச் நல்லபடியாகவே வந்தது. பெண்கள் வந்து குஞ்சுகளை வாங்கிக்கொண்டு போன அன்று, அண்ணாச்சி பேச்சி அக்காவைக் கூப்பிட்டு, "எடம் ஒனக்குத்தான். நடத்து" என்றார். லாரிக்காரரிடம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பிறகு என்னிடம் வந்தார். குரல் தாழ்ந்திருந்தது. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"படிச்ச பிள்ளைக்கு இந்தத் தோப்புல என்ன இருக்கு? நல்ல கம்பெனியாப் பாத்துப் போயிரு. நான் சர்டிபிகேட் எழுதித் தாரேன்."

எனக்குப் புரிந்தது. பேச்சி அக்காவுக்கும் புரிந்தது. அவள் தகரத்துக்குப் பின்னால் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துரேம்ட்டி. 'தெரியாம பேசிட்டேன் அண்ணாச்சி'ன்னு. வாய்க்கு நோவா?"

"தெரியாமப் பேசல அக்கா. தெரிஞ்சுதான் பேசினேன்."

"அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அத்தன ஆம்பளைய முன்னால சொல்லிட்டியேன்னுதான்."

"குஞ்சுவ அந்த ஆம்பளைய முன்னாலதான செத்துது?"

"ஒன் ஆத்தா ஒன்னப் படிக்க வச்சது தப்பு" என்றாள். பிறகு அழுதுகொண்டே சிரித்தாள். நான் அழவில்லை. சர்டிபிகேட்டும் வாங்கவில்லை.

தங்கைகளே, இந்த இடத்தில் நான் உங்களுக்கு ஒரு பாடம் சொல்ல வேண்டும். பணிந்து போயிருக்கலாம் என்று எழுதினால் அது பொய். அந்த நிமிடம் திரும்ப வந்தால் அதே வார்த்தையைத்தான் சொல்வேன். ஆபத்து வந்தால் முதலில் கூச்சலை நிறுத்துங்கள், கூச்சல் யாருடையதாக இருந்தாலும். அடிக்க வேண்டியதைத் தேடாதீர்கள், மூச்சு முட்டுகிறவற்றைத் தேடுங்கள். இன்னொன்று, சேர்ந்த முதல் நாளிலிருந்தே கூப்பிட்டுப் பழகுங்கள். குரலை ஆபத்து வந்த பிறகு பழக்க முடியாது. சரியாக நடந்துகொண்டதற்கு விலை உண்டா என்று கேட்டால், உண்டு. நாமக்கல்லில் எனக்குச் சம்பளம் நன்றாக இருக்கிறது, மரியாதை இருக்கிறது. மாலையில் கொட்டகைக் கதவைச் சாத்தும்போது உள்ளே ஆயிரக்கணக்கான குஞ்சுகள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குக்கூட யாருடைய குரலும் தேவையில்லை. அந்த நேரத்தில்தான் இலஞ்சித் தோப்பு நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

போன சீசனில் எங்கள் பண்ணையில் வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் வேன் பிடித்துக் குற்றாலம் போனோம். இலஞ்சியைத் தாண்டும்போது என்னை அறியாமலேயே, "இங்கன நிறுத்துங்க, நான் பின்னால வாரேன்" என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

தோப்புக் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒரு வளையம் இருந்த இடத்தில் இப்போது வரிசையாகப் பல வளையங்கள். பேச்சி அக்கா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. ஓலை ஏற்ற வந்த டிராக்டர் ஒன்று கேட்டுக்குள் திரும்பி ஹாரன் அடித்தது. அவள் திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தினாள். டிராக்டர்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நடந்தார். பின்னாலேயே அண்ணாச்சி பைக்கில் வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே பைக்கை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

முடி நன்றாக நரைத்திருந்தது. ஒரு கையால் பைக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கேட்டின் மற்றப் பாதியையும் திறந்தார்.

"உள்ள போ" என்றார், குரலைத் தாழ்த்தி. "சத்தம் காட்டாமப் போ. குஞ்சு மிரளும்."

நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். பேச்சி அக்கா திரும்பிப் பார்த்தாள். "வந்துட்டியா" என்றாள், நேற்றுத்தான் போனவளைக் கேட்பது போல. எழுந்து வரவில்லை. கையில் இருந்த குருணை டப்பாவை என் பக்கம் நீட்டினாள்.

"கூப்பிடு."

"எங் குரலு இதுகளுக்குத் தெரியாதே அக்கா."

"ஆமா, தெரியாதுதான். எங் குரலு மட்டும் பொறக்கும்போதே தெரியுமா?"

வளையத்துக்கு அருகில் உட்கார்ந்து கூப்பிட்டேன். குஞ்சுகள் தம் பாட்டுக்கு உமியைக் கிளறிக்கொண்டிருந்தன. பையில் போன் அடித்தது, வேன்காரர்கள்தான். அதை அணைத்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டேன்.